பதினேழு மரக்கன்றுகளும் ஓர் ஆள்காட்டியும்

பிப்ரவரி 28, சனிக்கிழமை, காலை ஏழு மணி. டிரெஸ்டன் மத்திய ரயில் நிலையத்தின் பின்வாசலில் நாங்கள் பதினேழு பேர், ஆளுக்கொரு மரக்கன்றோடு நின்றுகொண்டிருந்தோம். லிண்டன் பத்து, ஓக் ஏழு. நர்சரியில் கன்று ஒன்று ஒன்பது யூரோ. அதோடு மண்வெட்டிகள், மஞ்சள், குங்குமம், பொடி தடவிய இட்லி இரண்டு பெரிய டப்பா, "ஆளுக்கு ஒரு மரம்" என்று தமிழிலும் ஜெர்மனிலும் எழுதிய துணி பேனர் ஒன்று. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு போகிறவர்கள்கூட இவ்வளவு சாமான் எடுத்துப் போக மாட்டார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நான்தான். டிரெஸ்டனில் சிப் தொழிற்சாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருக்கிறோம். பொங்கலுக்குக் கூடுவோம், தீபாவளிக்குக் கூடுவோம், சாப்பிட்டுக் கலைவோம். இந்த ஊர்ச் சோற்றைத் தின்கிறோமே, இந்த மண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று பொங்கலன்று எழுந்து நின்று வீராவேசமாகப் பேசியவள் நான். தேடிப் பார்த்ததில், டோர்காவ் பக்கம் எல்பே ஆற்றோரப் புல்வெளி ஒன்றில் இயற்கைப் பராமரிப்பு நாள் என்று ஓர் அறிவிப்பு கிடைத்தது. பூட்ஸும் கையுறையும் கொண்டு வரவும், மதியம் சூப் உண்டு என்று போட்டிருந்தது. நம்மூர்க்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? கலெக்டர் வந்தாலும் மரம் நடுகிறோம், பள்ளிக்கூடம் திறந்தாலும் மரம் நடுகிறோம், கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பையில் மரக்கன்று தருகிறார்கள். இயற்கைக்கு நல்லது செய்வது என்றால் மரம் நடுவதுதான் என்று என் மண்டையில் ஊறிப்போயிருந்தது. "பதினேழு பேர் வருகிறோம், மண்வெட்டி எங்களிடமே இருக்கிறது" என்று பதில் எழுதினேன். பொறுப்பாளர் அன்கே மூன்று ஆச்சரியக்குறி போட்டு நன்றி சொல்லியிருந்தார்.

எங்களை ஏற்றிப் போக வந்தவர் பெனடிக்ற் அண்ணை. மன்னார்க்காரர். இளவயதில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, இப்போது சொந்தமாக ஒரு பெரிய வேன், அவர் வாயில் வான், வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். வெள்ளையும் சொள்ளையுமாக, தேய்த்த சட்டை, பளபளக்கும் சப்பாத்து. கன்றுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தங்கச்சி, காட்டையே ஏத்தப் போறியள்? சீற்றில மண் கொட்டக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"கொட்டாது அண்ணே. பிளாஸ்டிக் கவர் போட்டிருக்கோம்."

"சரி. ஆனா ஒண்டு. நான் றைவர் மட்டும்தான். சேத்துக்குள்ள இறங்க என்னால ஏலாது. வானுக்குள்ள இருந்து பேப்பர் வாசிப்பன்."

ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். ஏ4 நெடுஞ்சாலை, பிறகு நொசன் சந்திப்பில் ஏ14. பெனடிக்ற் அண்ணை வாரம் இரண்டு தடவை லைப்சிக் போய் வருகிறவர். லைப்சிக் வரைக்கும் வரும் ஒவ்வொரு வெளியேறும் பாதையின் பெயரையும் பலகை வருவதற்கு முன்பே சொல்வார். டொபெல்ன், லைஸ்னிக், முட்ஷன், கிரிம்மா. நாங்கள் லைஸ்னிக்கில் பிரிந்து, ஒஷாட்ஸ் வழியாக டோர்காவ் போய், எல்பேயைக் கடந்தோம். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதற்கப்புறம் போன கிராமத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள், அங்கே அடை காக்கும் பறவை எழுந்துவிடும் என்று அன்கே கேட்டுக்கொண்டார்.

ஒன்பது மணி. வெள்ளத்தடுப்புக் கரையின் மேல் வான் நின்றது. கீழே புல்வெளி: தட்டையாக, ஈரமாக, அங்கங்கே வானத்தைக் காட்டும் ஆழமில்லாத குட்டைகளோடு. புல்லுக்கு நடுவே இடுப்புயரம், தலையுயரம் என்று வெள்ளைப் பட்டையோடு பிர்ச் மரக்கன்றுகள் எழும்பி நின்றன. தள்ளி ஒரே ஒரு உயரமான பிர்ச். அதன் உச்சியில் ஒரு காகம்.

"பார்த்தீங்களாக்கா, ஏற்கெனவே நட்டிருக்காங்க. நாம இடைவெளியை ஃபில் பண்ணா போதும்," என்றான் கார்த்திக். சேலத்துக்காரன், மென்பொருள் வேலை. ஊரில் இருந்தபோது ஏரிக்கரையில் மரம் நடும் குழுவில் ஞாயிறு தவறாமல் போனவன். அவன் பேச்சுக்கு நாங்கள் எல்லாரும் கட்டுப்பட்டோம்.

அன்கேயைக் காணவில்லை. நல்ல நேரம் போய்விடக் கூடாதே என்று நானே ஆரம்பித்துவைத்தேன். புல்வெளியின் நடுவில் சற்று மேடாக இருந்த இடத்தைப் பார்த்து, இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒரு குழி தோண்டினார்கள். எடுத்த மண் பக்கத்தில் ஒரு குட்டி மேடாகக் குவிந்தது. முதல் லிண்டனுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். கற்பூரம் காற்றில் நிற்கவேயில்லை. இறங்கவே மாட்டேன் என்ற பெனடிக்ற் அண்ணைகூட கரையில் நின்றபடி சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் புல்வெளியின் மறுகோடியிலிருந்து முழங்கால் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி இரண்டு கையையும் விரித்துக் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் வந்த வேகத்தைப் பார்த்துக் கற்பூரம் வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார்.

"நடாதீர்கள்! கடவுளே, நடாதீர்கள்! பிடுங்குவதற்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்!"

என்னைச் சுற்றிப் பதினாறு முகங்கள் திரும்பின. என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அது பிறவிக் குணம். "பச்சை மரத்தைப் பிடுங்குவதா இயற்கைப் பராமரிப்பு?" என்று என் ஜெர்மன் இலக்கணம் அத்தனையும் நொறுங்க நானும் கத்தினேன்.

அன்கேக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூச்சு வாங்கி முடித்துவிட்டு, அந்த உயரமான பிர்ச்சைக் காட்டினார். அந்தப் புல்வெளியில் முட்டையிடும் பறவைக்கு இங்கே கீபிட்ஸ் என்று பெயர். அது கூடு கட்டாது. வெறும் தரையைக் காலால் லேசாகக் குழித்து முட்டையிடும். சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால்தான் நரி வருவதும் காகம் வருவதும் அதற்குத் தெரியும், எழுந்து விரட்டும். மரம் வந்துவிட்டால் காகத்துக்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. உட்கார்ந்து, பொறுமையாகப் பார்த்து, தாய் எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்கிறது. போன வசந்தத்தில் இங்கே இரண்டு ஜோடி முட்டையிட்டன. எல்லாம் போயிற்று. மறுபடி இட்டன. அதுவும் போயிற்று. "தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த வருடமும் இப்படியானால் இனி இங்கே வராது. எத்தனையோ புல்வெளிகளில் அப்படித்தான் நின்றுபோனது," என்றார்.

"எந்திரம் வைத்துச் செய்யக் கூடாதா?"

"தரை உறைந்தால்தான் எந்திரம் இறங்கும். இந்தக் குளிர்காலத்தில் இந்தச் சேறு உறையவே இல்லை. வழக்கமாக வருகிறவர்களுக்குக் காய்ச்சல். நாளை மார்ச் ஒன்று. நாளையிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒரு புதரைக்கூட வெட்ட முடியாது, சட்டம். இன்றைக்கு மட்டும்தான்." பிறகு தயங்கி, "உங்களிடம் மண்வெட்டி இருக்கிறது என்று எழுதினீர்களே, வேரோடு எடுக்க நல்லதாயிற்று என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா," என்றார்.

எங்கள் பக்கம் சலசலப்பு. சிலர் சிரித்தார்கள். கார்த்திக் சிரிக்கவில்லை. "எனக்கு மனசு ஒப்பலக்கா. மரம் நட வந்துட்டு மரத்தைப் பிடுங்கறதா? சாரி. நான் வேன்ல இருக்கேன்." கன்றைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். பொட்டு வைத்த லிண்டனைக் குழியிலிருந்து நான் எடுத்தேன். குழியை மூடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பத்து மணியிலிருந்து வேலை. சின்னக் கன்றுகள் கையோடு வந்தன. பெரியவை அசையவில்லை. வெட்டிவிடலாமே என்றால், பிர்ச்சை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலாகத் துளிர்க்கும், வேரோடு வர வேண்டும் என்றார் அன்கே. ஒரு மரத்தைச் சுற்றி மண்வெட்டியால் கொத்தி, மூன்று பேர் கட்டிப்பிடித்து ஆட்டி, அது சாய்வதற்குள் இருபது நிமிடம் போய்விடும். முழங்கால் வரை சேறு. ஆலங்கட்டியும் மழையும் கலந்த ஏதோ ஒன்று சாய்வாக அடித்தது. பதினொன்றரைக்கு நிமிர்ந்து பார்த்தேன். செய்தது ஒரு மூலை. மீதி அப்படியே நின்றது. இருட்டுவதற்குள் முடியாது என்று என் கண்ணே எனக்குச் சொன்னது. முடிக்காமல் இங்கிருந்து போகப் போவதில்லை என்றும் அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தேன். பேசியவள் நான், கூட்டி வந்தவள் நான், குழி தோண்டவைத்தவளும் நான்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து மூன்று பறவைகள் வந்தன. அகன்ற இறக்கை, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தெரிய, தலையில் மெல்லிய கொண்டை. புல்வெளிக்கு மேல் ஒரு வட்டம் அடித்தன. கீ-விட், கீ-விட் என்று அழுவது போல ஒரு சத்தம். அன்கே மண்வெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். ஒன்று தாழ வந்தது, இன்னும் தாழ வந்தது. உயரமான பிர்ச்சிலிருந்து காகம் கரைந்தது. மூன்றும் சட்டென்று மேலே எழும்பி, கரையைத் தாண்டி, வடக்கே போய்விட்டன. அன்கே மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டார்.

கரையிலிருந்து கார்த்திக் இறங்கி வந்தான். "அக்கா, இது நம்ம ஆள்காட்டிதானே?"

"அதுக்குச் சொந்தம்தான். கண்ணுக்கு முன்னாடி சிவப்புதான் இல்ல."

"எங்க ஏரிக்கரைல நாங்க மரம் வச்ச இடத்துல நிறைய இருந்துச்சுக்கா. அப்புறம் காணோம். நாய் தொரத்திருச்சுன்னு நினைச்சோம்."  பிறகு கையுறையை மாட்டிக்கொண்டான். மற்ற நான்கு பேரும் வந்தார்கள்.

ஆள் கூடினாலும் வேகம் கூடவில்லை. வானில் கயிறு கட்டி இழுத்தால் என்ன என்று கார்த்திக் யோசனை சொன்னதுதான் தாமதம், கரையிலிருந்து கூச்சல்.

"விசரே தம்பி உனக்கு? என்ர வானைச் சேத்துக்குள்ள இறக்கவோ? வானுக்குள்ள நூறு மீற்றர் கயிறு கிடக்குது, ஆள் பதினேழு பேர் நிக்கிறியள். கரைவலை இழுக்கிற மாதிரி இழுங்கோவன்!"

"அது எப்படி அண்ணே?"

"எப்படியெண்டு நான் வாயால எப்பிடிச் சொல்லுறது?" என்று எரிந்து விழுந்தார். பிறகு பளபளக்கும் சப்பாத்தைக் கழற்றிப் பத்திரமாக இருக்கைக்கு அடியில் வைத்து, கால்சட்டையைச் சுருட்டி, அன்கே நீட்டிய மிச்ச பூட்ஸில் காலை நுழைத்தார். "மன்னாரில வேண்டாமெண்டு விட்டிட்டு வந்த வேலை. பாருங்கோ, விதி."

கயிற்றை மரத்தின் அடியில் கட்டி, எங்களை வரிசையாக நிறுத்தி, "இழு!" என்றார். முடிச்சு வழுக்கிக் கயிறு கழன்று, பெனடிக்ற் அண்ணை மல்லாந்து சேற்றில் விழுந்தார். அவர் மேல் கார்த்திக். தூக்கிவிட ஓடினோம். அப்புறம் அண்ணையே விழுந்த இடத்தில் கிடந்தபடி சிரித்தார். இரண்டாம் முறை அன்கே கயிற்றை நெஞ்சுயரத்தில் கட்டச் சொன்னார். உயரத்தில் இழுத்தால் வேர் நெம்பிக்கொண்டு வரும், ஈரத்தில் பிர்ச்சுக்கு வேர் ஆழமில்லை என்றார். ஆளாளுக்குக் கயிற்றை இடுப்பைச் சுற்றிக்கொண்டு, கையால் அல்ல, உடம்பின் பாரத்தால், பின்பக்கமாகவே நடக்க வேண்டும் என்றார் அண்ணை. கடைசி ஆள் கயிறு முடிந்ததும் விட்டுவிட்டு ஓடி முன்னால் வந்து பிடிக்க வேண்டும்.

எல்லாரும் ஒரே சமயத்தில் இழுக்க ஒரு சத்தம் வேண்டுமே. வலை இழுக்கும்போது பாடுவீர்களாமே, பாடுங்கள் என்றோம். "எல்லாம் மறந்து போச்சு," என்றார். ஒரு கணம் யோசித்தார். பிறகு அவருக்கு எப்போதும் மறக்காத ஒன்று, அந்த லைப்சிக் சாலை, நினைவுக்கு வந்தது.

"நொசன்!"

"ஐலசா!"

"டொபெல்ன்!"

"ஐலசா!"

"லைஸ்னிக்!"

முட்ஷனில் வேர் அறுபடும் சத்தம் கேட்டது. கிரிம்மாவில் மரம் முழுவதும், கறுத்த மண்ணோடு, மெதுவாகச் சாய்ந்து வந்தது. அன்கே கைதட்டிக் குதித்தார். அதற்கப்புறம் எங்களை நிறுத்த ஆளில்லை. இடையில் நின்றபடியே பருப்பு சூப் குடித்தோம். அதில் இட்லியைத் தொட்டுத் தின்று அன்கே கண்ணில் நீர் வழிய, "இது காரம்," என்றார், மூன்றாவது இட்லியை எடுத்துக்கொண்டே. மழை நிற்கவில்லை, நாங்களும் நிற்கவில்லை. கை கொப்பளித்தவர்கள் இடுப்பால் இழுத்தார்கள். கார்த்திக்கின் குரல் கட்டிவிட்டது, ஆனாலும் ஐலசா விடவில்லை. அன்று மாலைக்குள் எத்தனை முறை லைப்சிக் போய்த் திரும்பியிருப்போம் என்று எனக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு நின்றது அந்த உயரமான பிர்ச் ஒன்றுதான். அது கயிற்றுக்கு வராது. அன்கே அரம்ப எந்திரத்தை எடுத்தார். கட்டைத் துளிரை இனி ஆடு மேய்த்து அடக்கிக்கொள்வார்களாம். எங்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டுத் தனியாகப் போனார். மரம் விழுந்தபோது காகம் எழும்பிச் சுற்றியது. உட்கார இடம் தேடியது. கடைசியில் கரைக்குப் போய் வானின் கூரையில் உட்கார்ந்தது.

"அடேய்! என்ர வான்தான் கிடைச்சுதோ உனக்கு!" என்று பெனடிக்ற் அண்ணை சேறும் சகதியுமாக ஓடினார்.

கிளம்பும்போது அன்கே ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். காலையில் தோண்டிய குழி நினைவு வந்து, மூடிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். இருட்டிவிட்டது, இருக்கட்டும் என்றார். வானில் மண் கொட்டாத இருக்கை ஒன்றுகூட இல்லை. அண்ணை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நொசன் பலகை வந்தபோது மட்டும், பின்னாலிருந்து தூக்கக் கலக்கத்தில் யாரோ "ஐலசா" என்றார்கள். பதினேழு கன்றுகளும் டிரெஸ்டனுக்கே திரும்பி, பதினேழு பால்கனிகளில், சரியான இடம் கிடைக்கும் வரை காத்திருக்கின்றன.

ஏப்ரல் மூன்றாம் வாரம், ஞாயிறு. "வந்து பாருங்கள்" என்று ஒற்றை வரி அனுப்பியிருந்தார் அன்கே. ரயிலில் போகலாம் என்றிருந்தேன். காலையில் வாசலில் வான். "லைப்சிக் போற வழிதானே, சும்மா வாறன்," என்றார் பெனடிக்ற் அண்ணை. அது லைப்சிக் போகிற வழியே இல்லை.

கரையில் தொலைநோக்கி வைத்து அன்கே காத்திருந்தார். புல்வெளி வெறிச்சென்று, கண்ணுக்கெட்டிய தூரம் தடையில்லாமல் கிடந்தது. எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "உங்கள் குழியை," என்றார். குழியில் தண்ணீர் நின்றிருந்தது. பக்கத்தில் நாங்கள் அள்ளிப் போட்ட மண், மழையில் கரைந்து தாழ்ந்து, சுற்றியிருந்த ஈரத்துக்கு நடுவே முறமளவு காய்ந்த திட்டாக இருந்தது. அந்தத் திட்டில் கொண்டை வைத்த ஒரு தலை. கீபிட்ஸ் அடை காத்துக்கொண்டிருந்தது.

"நான்கு முட்டை," என்றார் அன்கே. "இந்தக் குழியைப் பார்த்துத்தான் அன்றைக்கு உங்களிடம் கத்தினேன். மன்னிக்க வேண்டும்."

 பெனடிக்ற் அண்ணையிடம் தொலைநோக்கியைக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"எங்கட ஆக்காட்டிதான்," என்றார் மெதுவாக. "அதே முழி."

என் ஊரில் கண்மாய்க்குப் பக்கத்தில் காலி மனைகள் இருக்கின்றன. ஆள்காட்டிகள் அங்கே கல்லோடு கல்லாக முட்டையிடும். சும்மா கிடக்கிற இடம்தானே, நூறு கன்று வைக்கலாம் என்று போன விடுமுறையில் நான்தான் கவுன்சிலரிடம் மனு கொடுத்துவிட்டு வந்தேன். வரும் ஜூலையில் போகிறேன். முதல் வேலையாக அந்த மனுவைத் திரும்பக் கேட்கப் போகிறேன். மரத்துக்கு வேறு இடம் காட்டுவேன். இதைச் சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து காகம் வந்தது. ஆள்காட்டி எழும்பிக் கத்திக்கொண்டே அதன் மேல் பாய்ந்தது. காகம் ஒதுங்கி, பிர்ச் இருந்த இடத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. உட்கார ஒரு குச்சிகூட இல்லை. பெனடிக்ற் அண்ணை சட்டென்று திரும்பித் தன் வானைப் பார்த்தார். ஆனால் காகம் ஆற்றைக் கடந்து போய்விட்டது. ஆள்காட்டி இறங்கி, சுற்றிலும் ஒரு முறை பார்த்து, நாங்கள் தோண்டிப் போட்ட மண்ணின் மேல் வயிற்றை இரண்டு பக்கமும் அசைத்து உட்கார்ந்தது.